அடுப்பேறாத இனிப்பு: சமயபுரம், தொட்டியம், கொக்கோ

சில ஆண்டுகளாக நம் நகரங்களில் ஒரு புதிய இனிப்பு விற்பனைக்கு வந்திருக்கிறது. கொக்கோவைப் பேரீச்சையோடும் வாழைப்பழத்தோடும் பிசைந்து, அடுப்பில் வைக்காமலேயே குளிரவைத்து எடுக்கும் பண்டம் அது. பச்சைச் சாக்லேட் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் உறையின் மேல் மூன்று அறிவிப்புகள் தவறாமல் இருக்கும்: சமைக்கவில்லை, பால் இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை. ஒரு பண்டம் தன்னிடம் இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லித் தன்னை விற்றுக்கொள்வது உணவு வரலாற்றில் மிக அண்மைக் காலத்து வழக்கம்.

இல்லை என்று ஒன்றைச் சொல்லும்போதே, அது வழக்கமாக அங்கே இருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அப்படியானால் நெருப்பும் பாலும் வெள்ளைச் சர்க்கரையும் நம் இனிப்புக்குள் எப்போது வந்தன, யார் கொண்டுவந்தார்கள், அவை இல்லாத இனிப்பு என்று ஒன்று நம்மிடம் முன்பே இருந்ததா என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு விடை தேட மேலைநாட்டுச் சமையல் நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. காவிரியின் வடகரையில் தொட்டியத்திலிருந்து கிழக்கே சமயபுரம் வரை உள்ள நிலப்பகுதியைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் போதும். ஒரு முனையில் வாழைத் தோட்டங்கள். மறுமுனையில் ஆண்டுக்கு ஒரு மாதம் சமைத்த உணவைத் தொடாத ஒரு தெய்வம்.

பச்சை என்னும் சொல்

சமயபுரத்தில் மாசி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று முதல் பங்குனிக் கடைசி ஞாயிறு வரை 28 நாட்கள் மாரியம்மன் விரதம் காக்கிறாள். பிற தலங்களில் தெய்வத்துக்காக அடியவர்கள் பட்டினி கிடப்பார்கள். இங்கே அடியவர்களுக்காகத் தெய்வம் பட்டினி கிடக்கிறது. இதற்குப் பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். இந்நாட்களில் சமைத்த அன்னம் படைக்கப்படுவதில்லை. துள்ளு மாவு, பானகம், நீர்மோர், இளநீர், கரும்பு, பழம் ஆகியவைதான் நைவேத்தியம்.

துள்ளு மாவைச் செய்யும் முறை எளியது. பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் அரைகுறையாக உலர்த்தி, ஈரம் முற்றிலும் போவதற்குள் உரலிலிட்டு இடித்துச் சலிக்க வேண்டும். அதனோடு பொடித்த வெல்லத்தையும் ஏலத்தையும் கலந்தால் மாவின் ஈரமே வெல்லத்தைப் பிடித்துக்கொள்ளும். நெருப்பு இல்லை, பால் இல்லை, வெள்ளைச் சர்க்கரை இல்லை. புதிய இனிப்பின் மூன்று அறிவிப்புகளும் இந்தப் பழைய மாவுக்கு அப்படியே பொருந்துகின்றன. ஆனால் துள்ளு மாவை யாரும் அந்த மூன்று இல்லைகளால் அடையாளப்படுத்தியதில்லை. அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு பருவம் இருந்தது, அதை உண்ணும் முறை ஒன்று இருந்தது.

பச்சை என்ற சொல்லைத் தமிழ் கையாளும் விதத்தையும் இங்கே பார்க்கவேண்டும். பச்சரிசி, பச்சைத் தண்ணீர், சுடாத பச்சைப் பானை, பிள்ளை பெற்றவளின் பச்சை உடம்பு என்று வரும் இடங்களிலெல்லாம் அது நிறத்தைக் குறிப்பதில்லை. இன்னும் நெருப்பைக் காணாத, இன்னும் இறுகாத, ஆகவே கவனமாகக் கையாளவேண்டிய ஒரு நிலையைக் குறிக்கிறது. பச்சைப் பட்டினியின் பச்சையும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆனால் இந்தப் பச்சையை ஆய்வுக்கூடத்து வெப்பமானியால் அளக்க முடியாது. துள்ளு மாவில் கலக்கும் வெல்லம் ஏற்கெனவே கொப்பரையில் நீண்ட நேரம் கொதித்து வந்ததுதான். மரபு அதைப் பொருட்படுத்தவில்லை. இந்த இடத்தில், இந்த நாளில், இந்தப் படையலுக்காக அடுப்பு மூட்டப்படவில்லை என்பதே அதன் கணக்கு. பண்டத்தின் வேதியியலைவிட உண்பவரின் நோன்பே அங்கே முதன்மை பெற்றது. இந்த வேறுபாடு கட்டுரையின் பிற்பகுதியில் நமக்குப் பயன்படும்.

அண்ணன் வீட்டுப் பால்

இதைப் படித்துவிட்டு, பழந்தமிழர் இனிப்பில் பாலே இல்லை என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவரங்கம். சமயபுரத்தாளுக்கு அரங்கன் அண்ணன் என்பது இப்பகுதியின் நம்பிக்கை. தைப்பூசத்தை ஒட்டி கொள்ளிடக் கரையில் அண்ணன் வீட்டுச் சீர் தங்கைக்கு வந்து சேருகிறது. அந்த அண்ணனின் வைணவ மரபில் இனிப்பு என்றாலே பாலும் நெய்யும்தான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் திருமாலிருஞ்சோலை அழகருக்கு நேர்ந்துகொள்கிறாள். அரிசியைப் பாலில் குழையவிட்டு, அக்காரம் என்னும் வெல்லக்கட்டியும் நெய்யும் சேர்ப்பது அக்கார அடிசில். மார்கழியில் கூடாரவல்லி நாளன்று இன்றும் அது வீடுதோறும் செய்யப்படுகிறது.

ஆகவே அண்ணனும் தங்கையும் இரண்டு இனிப்பு மரபுகளின் அடையாளங்களாக ஆற்றின் இரு கரைகளில் நிற்கிறார்கள். ஒன்று, அடுப்பும் பாலும் நெய்யும் சேர்ந்த நிறைவின் இனிப்பு. நோன்பு முடிந்தபின் வருவது. மார்கழிக் குளிருக்கு ஏற்றது. மற்றொன்று நோன்பின் நடுவே வருவது. கோடை தொடங்கும் வேளையில் உடம்பைத் தணிக்கும் அடக்கத்தின் இனிப்பு. தங்கையின் படையலிலும் பால் முற்றிலும் விலக்கப்படவில்லை, நீர்மோராக இளகி வருகிறது. இரண்டு மரபுகளும் ஒன்றையொன்று பழித்ததில்லை. பால் கெடுதல், பச்சை நல்லது என்ற இன்றைய வழக்காடல் இரண்டுக்கும் அந்நியமானது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு: எதிலும் வெள்ளைச் சர்க்கரை கிடையாது.

ஒரு காசுக்கு 1,200 பழம்

பச்சை இனிப்பில் மாவுக்கு அடுத்த இடம் பழத்துக்கு. திருச்சியிலிருந்து மேற்கே முசிறியைக் கடந்து நாமக்கல் செல்லும் சாலையில் தொட்டியம் இருக்கிறது. பங்குனித் தேரை அடியவர்கள் தோளில் சுமந்து வரும் மதுரகாளியம்மன் கோயிலால் அறியப்பட்ட ஊர். அதே அளவுக்கு வாழையாலும் அறியப்பட்ட ஊர். பூவன், நேந்திரன், கற்பூரவல்லி, ரஸ்தாளி, பச்சைநாடன் என்று ஆற்றுப் பாசனத்தில் வாழையும், இடையிடையே வெற்றிலைக் கொடிக்காலும் அதன் சுற்றுவட்டாரத்துக் காட்சி. பக்கத்துச் சீனிவாசநல்லூரில் முதற் பராந்தகன் காலத்துக் குரங்கநாதர் கோயில் நிற்கிறது. பத்தாம் நூற்றாண்டிலேயே இக்கரை செழிப்பாக இருந்தது என்பதற்கு அதன் கற்சிற்பங்களைவிடச் சான்று வேண்டாம்.

சோழர் காலத்தில் வாழைப்பழத்துக்கு என்ன விலை என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று கணக்காகவே சொல்கிறது. அங்கிருந்த பிள்ளையாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க முதலாம் ராஜராஜன் 360 காசு முதலாக வைத்தான். தஞ்சையின் பெருந்தெருக்களிலும் அங்காடியிலும் இருந்த வணிகர்கள் அதைப் பெற்றுக்கொண்டார்கள். எட்டில் ஒரு பங்கு வட்டியாக ஆண்டுக்கு 45 காசு. ஒரு காசுக்கு 1,200 பழம் என்பது விலை. 360 நாள் ஆண்டுக்கு 54,000 பழம். வகுத்துப் பார்த்தால் 45 காசு சரியாக வருகிறது.

இக்கணக்கின் அழகு அதன் துல்லியத்தில் மட்டும் இல்லை. இன்ன அளவு பழம் இன்ன விலைக்கு நாள் தவறாமல் வாங்கப்படும் என்ற உறுதி ஒன்று கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்த 45 காசில் பழம் விளைவித்தவன் கைக்கு எவ்வளவு போயிற்று என்பதைக் கல் சொல்லவில்லை. கற்கள் பெரும்பாலும் கொடுத்தவனைப் பற்றியே பேசும். ஆனாலும் தேவை உறுதி, விலை உறுதி என்ற இரண்டும் அங்கே இருந்தன. இன்றைய தொட்டியத்து விவசாயிக்கு இரண்டுமே இல்லை. கன்று நட்டுப் பதினொன்று, பன்னிரண்டு மாதம் காத்திருக்கிறார். கோடைக் காற்று ஒரே மாலையில் குலை தள்ளிய மரங்களை வரிசையாகச் சாய்த்துவிடும். தப்பியது ஒரே நேரத்தில் பழுத்து நிற்கும்போது விலை தரையில் கிடக்கும். பழுத்த பூவனுக்கு ஆயுள் சில நாட்களே. வியாபாரி சொல்லும் விலைக்கு விட்டாக வேண்டும்.

எனவே பழத்தின் ஆயுளை நீட்டும் ஒவ்வொரு உத்தியும் விவசாயியின் பேரம் பேசும் வலிமையை நீட்டும் உத்தியாகும். இவ்வகையில் பழனிப் பஞ்சாமிர்தத்தைத் தமிழகத்தின் மிகத் தேர்ந்த பச்சை இனிப்பு என்று சொல்லலாம். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் ஆகியவற்றை ஒரு துளி நீரும் சேர்க்காமல், அடுப்பிலேற்றாமல் பிசைகிறார்கள். சர்க்கரைச் செறிவு மிகுந்த அக்கலவையில் நுண்ணுயிர்கள் வளரத் தேவையான ஈரம் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. அதனால் பழம் கெடாமல் நிற்கிறது. சர்க்கரை ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடியிலிருந்து வருகிறது. 2019இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழகக் கோயில் பிரசாதம் ஒன்று அதைப் பெற்றது அதுவே முதல்முறை. நெய்யையும் கற்கண்டையும் தவிர்த்துவிட்டால் புதிய இனிப்புக்காரர்களின் மூன்று விதிகளையும் இது நிறைவேற்றிவிடும்.

ஆனால் அதன் அடிப்படையான விருப்பாட்சி, சிறுமலைப் பழங்கள் கடந்த அரை நூற்றாண்டில் முடிக்கொத்து நோயால் மிகவும் அருகிவிட்டன. வைரஸால் வந்து, அசுவினிப் பூச்சியால் பரவும் நோய் அது. ஒரு பிரசாதத்தின் வரலாறு ஒரு பூச்சியைச் சார்ந்திருக்கிறது என்பதைப் பக்தி இலக்கியம் நமக்குச் சொல்லித் தரவில்லை.

தொட்டியம் வேறொரு வழியில் சென்றது. திருச்சியில் 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் அமைந்தபின் வாழையை மதிப்புக் கூட்டி விற்பது பற்றிய பேச்சு இப்பகுதியில் வலுத்தது. 2010களில் தொட்டியத்து விவசாயிகள் சிலர் குழுவாகச் சேர்ந்து, சூரிய உலர்த்தியில் பழத்தைக் காயவைத்து, தேனில் தோய்த்து விற்கத் தொடங்கினார்கள். ஒரு கிலோ உலர்பழத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ பழம் தேவைப்படும். சில நாட்களில் அழுகும் பொருள் பல மாதங்கள் தாங்கும் பொருளாகிறது. பச்சைச் சாக்லேட்டின் உடம்பு இந்த உலர்பழம்தான் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வெள்ளையின் வரலாறு

இனி மூன்று இல்லைகளில் மிகக் கசப்பானதற்கு வருவோம். கரும்பு நமக்குப் பழையது. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தனர் என்று புறநானூற்றில் ஔவையார் பாடுகிறார். பட்டினப்பாலையில் கரும்பாலையின் மணம் வருகிறது. சாற்றைக் காய்ச்சிக் கட்டியாக்கும் கலையும், அதிலிருந்து கற்கண்டு எடுக்கும் கலையும் இந்தியாவுடையவை. சர்க்கரை, கண்டம் என்ற வடசொற்களே உலக மொழிகள் பலவற்றில் சர்க்கரைக்கும் மிட்டாய்க்கும் பெயர்களாயின. கி.பி. 647இல் சீனத்துத் தாங் பேரரசர் தைசோங் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆள் அனுப்பினார். இருந்தும் நாம் வெள்ளைச் சர்க்கரையைச் சீனி என்று சீனத்தின் பெயரால் அழைக்கிறோம். கற்றுக்கொடுத்தவன் மாணவனின் பெயரால் தன் சரக்கை வாங்கிய கதை இது.

வெள்ளைச் சர்க்கரைக்கு நம் வீடுகளில் வழங்கிய இன்னொரு பெயர் அஸ்கா. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், இன்று ஒடிசாவிலிருக்கும் கஞ்சம் மாவட்டத்து ஊர் அது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஐரோப்பியர் நடத்திய ஆலையின் சர்க்கரை ஊர்ப்பெயராலேயே கடைத்தெருவுக்கு வந்தது. 1840களில் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் ஆலை வைத்தது. 1912இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. பார்பரும் வெங்கட்ராமனும் அங்கே உருவாக்கிய கோ 205 என்ற கலப்பினம் 1918இல் வெளிவந்து வட இந்தியக் கரும்பு வயல்களை மாற்றியது. பின்னர் தொட்டியத்துக்கு அருகிலேயே மேல்புறம் மோகனூரில் கூட்டுறவு ஆலையும், எதிர்க்கரையில் புகளூர் ஆலையும் எழுந்தன. வெல்லக் கொட்டகைகளின் மணம் மெல்ல மெல்ல ஆலைச் சங்கின் ஓசைக்கு வழிவிட்டது.

இது நமக்கு அருகில் நடந்தது. தொலைவில் நடந்தது இதைவிடக் கொடியது. உலகம் வெள்ளைச் சர்க்கரைக்கு அலைந்தபோது அதற்கு உழைக்க முதலில் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோனார்கள். அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததும் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1834 முதல் மொரிஷியசுக்கும், 1850களில் பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப், மர்தினிக்குக்கும் தமிழர்கள் கப்பலேறினர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்ற கப்பல் நட்டாலில் கரை சேர்ந்தது. ஆர்க்காடு, தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் அக்கரைக் கரும்புக் காடுகளுக்குப் போனார்கள். 1903 முதல் சென்னை வழியாகப் பிஜிக்கும் ஆட்பிடிப்பு நடந்தது. அங்கே கரும்புத் தோட்டத்தில் பெண்கள் பட்ட துயரைப் பாரதி பாடியதை இக்கட்டுரையின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1917இல் அந்த ஆட்பிடிப்பு நின்றது.

வெள்ளைச் சர்க்கரை வேண்டாம் என்று இன்று சொல்பவர்கள் பெரும்பாலும் தங்கள் உடல்நலத்துக்காகச் சொல்கிறார்கள். தவறில்லை. ஆனால் அவ்வாறு சொல்வதற்கு, கரும்புக் காட்டில் உடல்நலம் இழந்தவர்களின் வழித்தோன்றல்களான நமக்கு இன்னொரு காரணமும் உண்டு.

கொக்கோ இருமுறை வந்தது

கொக்கோவின் பிறப்பிடம் தென்னமெரிக்காவின் மேல் அமேசான் காடுகள். அதைப் பானமாக வளர்த்தெடுத்தது நடு அமெரிக்கா. மாயர்களும் அஸ்டெக்குகளும் அதை வறுத்து அரைத்து, மிளகாயும் மணப்பொருளும் சேர்த்து நீரில் நுரைக்க ஆற்றிக் குடித்தார்கள். பாலும் கிடையாது, கரும்புச் சர்க்கரையும் கிடையாது. சர்க்கரையைச் சேர்த்தவர்கள் ஸ்பானியர்கள். பால் வந்தது அதற்கும் வெகுகாலத்துக்குப் பின்: 1875இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் தானியல் பீட்டர் கெட்டிப் பாலைக் கொண்டு பால் சாக்லேட்டைச் செய்து முடித்தார். சாக்லேட் என்றால் பாலும் சர்க்கரையும் என்ற நம் எண்ணத்துக்கு 150 ஆண்டு வயதுதான். துள்ளு மாவைப் போலவே சாக்லேட்டும் அவ்விரண்டும் இல்லாமல் தொடங்கிய பொருள்.

இந்தக் கொக்கோ தமிழகத்துக்கு முதலில் வந்தது குற்றாலத்துக்கு. மொலுக்கஸ் தீவுகளின் அம்போய்னாவை 1796இல் ஆங்கிலேயர் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினர். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கிருந்து கிரியோல்லோ வகைக் கொக்கோவைக் கொண்டுவந்து 1798இல் குற்றாலத்தில் எட்டுத் தோட்டங்களில் பயிரிட்டது. இந்தியாவில் கொக்கோவின் முதல் வேர் அருவிச்சாரலில்தான் பதிந்தது. ஆனால் அது கம்பெனியின் சோதனைச் செடியாகவே நின்றுவிட்டது; நம் சமையலறைக்கு வரவில்லை.

இரண்டாம் வருகை 1965இல். காட்பரி நிறுவனம் வயநாட்டில் செயல்விளக்கத் தோட்டம் அமைத்து, தென்னைக்கும் பாக்குக்கும் ஊடுபயிராகக் கொக்கோவைப் பரப்பியது. 1980களின் தொடக்கத்தில் விலை சரிந்து, வாங்குவார் இல்லாமல் போனபோது விவசாயிகள் செடிகளை வெட்டினார்கள். பாக்கு விவசாயிகளின் கூட்டுறவான காம்ப்கோ கொள்முதலில் இறங்கி, 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் ஆலை வைத்தது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கொக்கோ வேரூன்றியது. 2010களில் விதையிலிருந்து சாக்லேட் வரை உள்ளூரிலேயே செய்யும் சிறு நிறுவனங்கள் எழுந்தன. ஆரோவில்லின் மேசன் அண்ட் கோ, ஆனைமலை அடிவாரத்தின் சொக்லெட் ஆகியவை அவற்றுள் சில. பாலில்லாத கறுப்புச் சாக்லேட்டை நம் நகரங்களுக்குப் பழக்கியதில் இவர்களுக்குப் பங்குண்டு.

கொக்கோவின் கைகளிலும் கறை உண்டு. சான் தோமே தீவின் கொக்கோ அடிமை உழைப்பால் விளைகிறது என்பது அம்பலமானபின் 1909இல் ஆங்கிலச் சாக்லேட் நிறுவனங்கள் அதை வாங்குவதை நிறுத்தின. இன்று உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் தரும் ஐவரி கோஸ்ட், கானா நாடுகளில் குழந்தைத் தொழிலாளர் சிக்கல் தீர்ந்தபாடில்லை. அங்கே மழை பொய்த்தும் மிகுந்தும், தண்டு வீக்க வைரஸ் நோய் பரவியும் விளைச்சல் விழுந்ததால் 2024இல் உலகச் சந்தை விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது, பின்பு இறங்கியது. ஏற்றத்தின் பயன் எவ்வளவு விரைவாக விவசாயியைச் சேர்ந்தது, இறக்கத்தின் சுமை எவ்வளவு விரைவாகச் சேர்ந்தது என்ற கேள்வி, விலை தரையில் கிடக்கும் நாளில் பூவன் விற்ற எவருக்கும் புரியும்.

வாழைக்கும் கொக்கோவுக்கும் இன்னும் நெருங்கிய உறவும் உண்டு. இளம் கொக்கோச் செடிக்கு நிழல் வேண்டும். பல நாடுகளில் அதற்கு நிழல்தாயாக நடப்படுவது வாழை. பறித்த கொக்கோ விதைகளைக் குவித்து ஐந்தாறு நாட்கள் புளிக்கவைக்கும்போது மேலே மூடுவதும் வாழையிலை. உலகெங்கும் தோட்டத்தில் சேர்ந்திருந்த இரண்டும் இப்போது கிண்ணத்தில் சேர்கின்றன.

செய்முறை, இவ்வூர் வெயிலுக்கு

கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகும். தேங்காய் எண்ணெய் 24 பாகையிலேயே இளகிவிடும். சித்திரையில் திருச்சியின் வெயில் 40 பாகையைக் கடக்கிறது. மேலைநாட்டு முறைப்படி கொழுப்பை உறையவைத்துச் செய்யும் பச்சைச் சாக்லேட் இங்கே குளிர்பெட்டிக்கு வெளியே கால்மணி நேரமும் நிற்காது. எனவே இவ்வூரில் இனிப்பைப் பிடித்துவைக்க வேண்டியது பழம். பஞ்சாமிர்தம் கற்றுத்தரும் பாடமும் அதுவே.

உலர்த்திய கற்பூரவல்லி அல்லது பூவன் 200 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 100 கிராம், கொக்கோத் தூள் 50 கிராம், துருவிய கொப்பரை 50 கிராம், இரண்டு தேக்கரண்டி பொடித்த கருப்பட்டி, நான்கு ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் சிறிது சுக்குப் பொடி. பழங்களை முதலில் உரலில் இடித்துக்கொள்ள வேண்டும். அரைவையில் இட்டால் சூடேறிப் பசையாகிவிடும். பின் மற்றவற்றைச் சேர்த்து, கையில் ஒட்டாமல் வரும்வரை இடித்து, எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி எள்ளில் புரட்டலாம். நீர் சேர்க்கவே கூடாது. காற்றுப் புகாத பாத்திரத்தில் இரண்டு வாரம் தாங்கும். பூவனின் மெல்லிய புளிப்பு கொக்கோவின் கசப்புக்கு இணங்கும். கற்பூரவல்லி வெறும் இனிப்பாகவே நின்றுவிடும். பாதிக்குப் பாதி கலப்பது நல்லது.

குழைவாக வேண்டுவோர், தோல் கறுத்துப் புள்ளி விழுந்த பழம் நான்கை மசித்து, கொதிக்கவைக்காத முதல் தேங்காய்ப்பால் ஒரு கிண்ணமும், மூன்று கரண்டி கொக்கோவும், சிறிது நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குளிரவைக்கலாம். பச்சைத் தேங்காய்ப்பால் விரைவில் புளிக்கும் என்பதால் அன்றே உண்டு முடிக்க வேண்டும்.

இதைப் பச்சை என்று அழைக்கலாமா? கொக்கோ விதை புளிக்கும்போது குவியலின் வெப்பம் 45 முதல் 50 பாகை வரை தானாகவே ஏறும். கடையில் கிடைக்கும் கொக்கோத் தூளில் பெரும்பகுதி வறுத்த விதையிலிருந்து வருவது. வறுக்காத விதையில் கிருமிகள் தங்கிவிடும் அபாயமும் உண்டு. கருப்பட்டி காய்ச்சப்பட்டது. வெப்பமானியின் கணக்கில் இது பச்சை அன்று. சமயபுரத்துக் கணக்கில் பச்சைதான், நம் அடுப்பு எரியவில்லை.

அளவு

இனிப்பை நோய்க்கு மருந்தாக்கும் விளம்பரங்களையும் இங்கே பேசிவிட வேண்டும். வெல்லத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சர்க்கரைதான்; உலர்ந்த வாழைப்பழத்தில் பழத்தின் இனிப்பு செறிந்து நிற்கிறது. வெள்ளைச் சர்க்கரை இல்லை என்பதற்காக நீரிழிவு உள்ளவர் இதைத் தாராளமாக உண்ணலாம் என்று பொருளாகாது. கொஞ்சம் தாதுப்பும் நாரும் கூடுதல் என்பது உண்மை, இரத்தத்தில் ஏறும் சர்க்கரையும் உண்மை.

இங்கேதான் பழைய மரபு புதியதிலிருந்து விலகுகிறது. துள்ளு மாவு நலம் தந்தது என்றால் அதற்குக் காரணம் அதன் பொருட்கள் மட்டுமல்ல. ஆண்டில் ஒரு பருவத்தில், விரதத்தின் இடையில், ஒரு கைப்பிடியைப் பலருக்குப் பகிர்ந்து உண்டார்கள். நலம் என்பது அந்த அளவில் இருந்தது. புதிய இனிப்பு அந்த அளவைக் கழற்றிவிட்டுப் பண்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. நல்லது என்ற சொல் இன்னும் ஒன்று எடுத்துக்கொள் என்ற அனுமதியாக மாறிவிடுகிறது. பச்சைப் பட்டினியில் பச்சையை எடுத்துக்கொண்டு பட்டினியை விட்டுவிட்டோம்.

மற்றொன்றையும் விட்டுவிட்டோம். உறையின் மேல் உள்ள மூன்று இல்லைகளில் எதுவும் வாழையை நட்டவரைப் பற்றியோ கொக்கோவைப் பறித்தவரைப் பற்றியோ பேசவில்லை. நகரத்துக் கடையில் ஆறு உருண்டைகளுக்குக் கேட்கும் விலையில் தொட்டியத்துப் பழத்துக்குச் சேரும் பங்கு எவ்வளவு என்பதை அதை வாங்குகிறவர் அறிய வழியில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு காசுக்கு எத்தனை பழம் என்பதைக் கல்லில் வெட்டி எல்லோரும் பார்க்க வைத்தவர்களின் நாடு இது. எந்த ஊர் வாழை, எந்தத் தோட்டத்துக் கொக்கோ, விளைவித்தவர் கைக்கு என்ன விலை என்ற மூன்றையும் உறையில் அச்சிடுவது அவ்வளவு கடினமான செயல் அன்று. மூன்று இல்லைகளுக்குப் பதிலாக அந்த மூன்று உண்டுகளைச் சொல்லும் இனிப்பு வருமானால், அதைத் துள்ளு மாவின் வரிசையில் வைக்க நமக்குத் தயக்கம் இருக்காது.